குழந்தை பெரிசா? பதறாதீங்க!

"புள்ள நாலு கிலோ வரும் போலிருக்கு. நார்மல் கஷ்டம்தாம்மா..."

ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரோ போகிற போக்கில் சொன்ன இந்த ஒரு வார்த்தை போதும். அன்று ராத்திரியிலிருந்து தூக்கம் போய்விடும்.

மேல்சித்தாமூரில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செஞ்சிக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். ரிப்போர்ட்டில் குழந்தையின் எடை 3.8 கிலோ என்று போட்டிருக்கிறது.

மாமியாருக்கு ஒரே சந்தோஷம். "எங்க வம்சமே அப்படித்தான். இவ புருஷன் பொறந்தப்பவே மூணு மாசப் புள்ள மாதிரி இருந்தான். நல்லா சாப்பிடும்மா, இன்னும் கொழுகொழுன்னு வரட்டும்!"

பக்கத்து வீட்டு அக்கா உதட்டைப் பிதுக்குகிறார். "ஐயையோ, அவ்ளோ பெரிய புள்ள எப்படிடி வெளிய வரும்? பேசாம நாள் பார்த்து ஆபரேஷன் பண்ணிக்கோ."

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி இரண்டு பேரையும் அடக்குகிறார். "சும்மா இருங்கடி. நாங்கள்லாம் ஆஸ்பத்திரியையா பார்த்தோம்? வூட்லயே எட்டு பெத்தேன்!"

மூன்று பேரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், அந்த மூன்றில் எதை நம்பி முடிவெடுத்தாலும் ஆபத்து உண்டு. ஏன் என்று பார்ப்போமா?

எது பெரிய குழந்தை?

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.8 கிலோ. அதனால் மூன்றரைக் கிலோவில் ஒரு குழந்தை பிறந்தாலே நம் ஊரில் 'அடேயப்பா' என்கிறோம். மருத்துவக் கணக்குப்படி 4 கிலோவும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரிய குழந்தை. 4.5 கிலோவைத் தாண்டினால் கூடுதல் கவனம் தேவை. 5 கிலோ என்பது மிக அபூர்வம்.

அபூர்வங்களும் நடக்கத்தான் செய்கின்றன. 2016-ம் ஆண்டு மே மாதம் கர்நாடகாவின் ஹாசனில் 6.82 கிலோ எடையுள்ள பெண் குழந்தை பிறந்தபோது பத்திரிகைகளெல்லாம் எழுதின. அது சிசேரியன். உலக சாதனை அதைவிடப் பழையது. கனடாவில் பிறந்து, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடியேறிய ஆனா பேட்ஸ் என்ற பெண்மணியின் உயரம் ஏறக்குறைய 7 அடி 11 அங்குலம். 1879-ம் ஆண்டு ஜனவரியில் அவருக்குப் பிறந்த ஆண் குழந்தையின் எடை 9.98 கிலோ! பாவம், அந்தக் குழந்தை 11 மணி நேரம்தான் உயிரோடு இருந்தது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மிரள வேண்டாம். 3.8 கிலோ, 4 கிலோ குழந்தைகளைச் சுகப்பிரசவத்தில் பெற்றெடுக்கிற பெண்கள் ஏராளம். அதுவும் இரண்டாவது, மூன்றாவது பிரசவம் என்றால் இன்னும் சுலபம்.

ஸ்கேன் என்ன தராசா?

இல்லை! இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் மிஷின் குழந்தையை நிறுத்துப் பார்ப்பதில்லை. தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றை அளந்து ஒரு சூத்திரத்தில் போட்டு, 'இவ்வளவு இருக்கலாம்' என்று கணக்குச் சொல்கிறது. அவ்வளவுதான்.

நிறைமாதத்தில் இந்தக் கணக்கு 10 முதல் 15 சதவிகிதம் வரை கூடவோ குறையவோ போகலாம். அதாவது, ஸ்கேனில் 3.8 கிலோ என்று இருந்தால் பிறக்கும்போது அது 3.3 கிலோவாகவும் இருக்கலாம், 4.3 கிலோவாகவும் இருக்கலாம். குழந்தை பெரிதாக ஆக ஆக இந்தத் தவறும் கூடுகிறது.

அதனால் அந்த எண்ணை ஒரு தகவலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாமியார் கவனிக்க வேண்டிய விஷயம்

குழந்தை ஏன் பெரிதாகிறது? அப்பா அம்மா இருவரும் நல்ல உயரம், வாட்டசாட்டம் என்றால் குழந்தையும் அப்படி வரலாம். நாள் கடந்து பிறக்கும் குழந்தை, ஆண் குழந்தை, இரண்டாவது, மூன்றாவது பிள்ளை... இவையெல்லாம் கொஞ்சம் கூடுதல் எடையோடு பிறப்பது வழக்கம். இவற்றால் பெரிய கவலை இல்லை.

கவலைப்பட வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அது சர்க்கரை!

கர்ப்ப காலத்தில் மட்டும் வரும் சர்க்கரை நோய் நம் பெண்களிடம் நிறையவே இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு நாளும் சர்க்கரை இருந்திருக்காது. எந்த அறிகுறியும் தெரியாது. தாயின் ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. தாயின் இன்சுலின் மட்டும் அந்தப் பக்கம் போவதில்லை. வந்து கொட்டுகிற சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் கணையமே அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. விளைவு? சர்க்கரை முழுவதும் கொழுப்பாக மாறிக் குழந்தையின் உடம்பில் படிகிறது. இதை டென்மார்க் நாட்டு டாக்டர் ஜோர்கன் பெடர்சன் 1950-களிலேயே விளக்கிவிட்டார்.

இந்தக் கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம். தலையில் அல்ல, தோளிலும் உடம்பிலும்! சாதாரணமாகக் குழந்தையின் தலை வந்துவிட்டால் மற்றதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். சர்க்கரையால் பெருத்த குழந்தைக்குத் தலையைவிடத் தோள் அகலமாக இருக்கும். அதனால் ஒரே 4 கிலோவாக இருந்தாலும், வம்சத்தால் வந்த 4 கிலோ வேறு, சர்க்கரையால் வந்த 4 கிலோ வேறு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரிசோதனை இருக்கிறது. அதில் தமிழ்நாட்டுக்குப் பெருமையும் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1978-ல் நீரிழிவு நோய்க்கென்று தனித் துறையைத் தொடங்கியவர் டாக்டர் வி.சேஷய்யா. 'வெறும் வயிற்றோடு வா' என்று கிராமத்துக் கர்ப்பிணியைச் சொன்னால் அவர் பஸ் பிடித்து எத்தனை மணிக்கு வருவார்? திரும்ப ஒரு தடவை வருவாரா? இந்த நடைமுறைச் சிக்கலை யோசித்து, சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் செய்யக்கூடிய ஒரே பரிசோதனையை அவரும் சக டாக்டர்களும் முன்வைத்தார்கள். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007-லேயே ஆணையிட்டது. பிறகு மத்திய அரசும் இதே முறையை ஏற்றுக்கொண்டது. டாக்டர் சேஷய்யாவுக்கு 2022-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பரிசோதனைக்குப் பைசா செலவு கிடையாது. முதல் தடவை போகும்போதே ஒரு தடவை, 24-லிருந்து 28 வாரத்துக்குள் இன்னொரு தடவை. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 'போன தடவையே பார்த்தாச்சே' என்று இருந்துவிடாதீர்கள்.

சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேருக்கு மேல் சாப்பாட்டைத் திருத்தினாலே போதும். மற்றவர்களுக்கு மாத்திரை அல்லது இன்சுலின் தேவைப்படலாம். வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்ட 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே என்று சர்க்கரையை வைத்துக்கொண்டால் குழந்தை தேவையில்லாமல் பெருக்காது.

'ரெண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு' என்பது அன்பான பேச்சு. ஆனால் இரண்டு பங்கு சாதம் தேவையே இல்லை. தட்டில் சாதத்தைக் குறைத்து, பயறு, பருப்பு, கீரை, காய், மோர் ஆகியவற்றைக் கூட்டுங்கள். செஞ்சிச் சீமையில் மல்லாட்டைக்குப் பஞ்சமா என்ன? ஒரு கைப்பிடி அவித்துச் சாப்பிடலாம். வளைகாப்புச் சீசனில் வரும் ஸ்வீட் டப்பாக்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் நடங்கள்.

இன்னொரு விஷயம். மேல்சித்தாமூர், ஜைன மடம் இருக்கிற ஊர். இருட்டுவதற்குள் சாப்பிட்டு முடிக்கும் பழக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. சாதாரணக் கர்ப்பிணிக்கு இதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் இந்தப் பழக்கத்தைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ராத்திரி முழுவதும் வயிறு காலியாக இருந்தால் விடியற்காலையில் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்குத் தகுந்தபடி மாற்றித் தருவார்கள். சொல்லாமல் மறைப்பதுதான் ஆபத்து.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு

"அவ்வளவு பெரிய புள்ள எப்படி வெளிய வரும்?" நியாயமான கேள்விதான். பதிலும் அழகானது.

குழந்தையின் மண்டை ஓடு ஒரே எலும்பு அல்ல. பல தகடுகள். வெளியே வரும்போது அவை ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறித் தலையைச் சிறிதாக்கிக்கொள்கின்றன. தாயின் இடுப்பெலும்பும் இரும்புச் சட்டம் அல்ல. கர்ப்ப காலத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் மூட்டுகள் தளர்ந்து கொஞ்சம் விரிந்து கொடுக்கின்றன. இடுப்புக்கூட்டின் வாசல் பக்கவாட்டில் அகலம். வெளியேறும் இடமோ முன்பின்னாக அகலம். அதனால் குழந்தை பக்கவாட்டில் பார்த்தபடி உள்ளே இறங்கி, வழியில் திரும்பி, பின்பக்கம் பார்த்தபடி வெளியே வருகிறது.

இது புரிந்தால் பிரசவத்தில் தாயின் அசைவு ஏன் முக்கியம் என்பதும் புரியும். மல்லாந்து படுத்தே இருந்தால் இடுப்பின் பின்பக்க எலும்பு நகர வழியில்லை. நடப்பது, ஒருக்களித்துப் படுப்பது, எதையாவது பிடித்துக்கொண்டு குந்துவது, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி மண்டியிடுவது... இவையெல்லாம் குழந்தைக்கு இடம் கொடுக்கும். 'வலி வரும்போது நான் எழுந்து நடக்கலாமா சிஸ்டர்?' என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பெரிய குழந்தைக்கு நேரமும் கொஞ்சம் கூடுதலாக ஆகலாம். கர்ப்பப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் விரிந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கை உலக சுகாதார நிறுவனம் 2018-ல் மாற்றிவிட்டது. 5 சென்டிமீட்டருக்குப் பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கும் என்று அது சொல்கிறது. குழந்தையின் இதயத்துடிப்பும் தாயின் நிலைமையும் நன்றாக இருக்கும்வரை பொறுத்திருக்கலாம்.

சரி, முன்கூட்டியே ஆபரேஷன் செய்துவிட்டால் என்ன? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். இந்தியா முழுவதற்குமான கணக்கு 21.5தான். சிசேரியன் உயிர் காக்கும் சிகிச்சை, சந்தேகமே இல்லை. ஆனாலும் அது பெரிய ஆபரேஷன். ரத்தப்போக்கு, தொற்று, அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின் மேலேயே நஞ்சு ஒட்டிக்கொள்ளும் சிக்கல் எல்லாம் அதில் உண்டு.

1996-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். பெரிய குழந்தைக்குத் தோள் மாட்டிக்கொண்டு கை நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் அல்லவா? அப்படி ஒரே ஒரு பாதிப்பைத் தடுக்க எத்தனை ஆபரேஷன் செய்ய வேண்டும்? சர்க்கரை இல்லாத தாய்மார்களில், ஸ்கேனில் 4.5 கிலோ காட்டுகிறவர்களுக்கெல்லாம் சிசேரியன் செய்தால் 3,695 ஆபரேஷன்! சர்க்கரை உள்ள தாய்மார்கள் என்றால் 443. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சர்க்கரைதான் முக்கியம் என்று சொன்னது இதனால்தான்.

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதலும் இதையொட்டியே இருக்கிறது. சர்க்கரை இல்லாதவர்களுக்கு 5 கிலோ, சர்க்கரை உள்ளவர்களுக்கு 4.5 கிலோ என்ற அளவில்தான் முன்கூட்டியே சிசேரியன் பற்றிப் பேச வேண்டும் என்கிறது. நம் பெண்களின் உயரம், உடல்வாகு, முந்தைய பிரசவம் இவற்றைப் பார்த்து உங்கள் டாக்டர் அதற்கு முன்பே யோசிக்கலாம். அதில் தப்பில்லை. ஆனால், ஸ்கேன் ரிப்போர்ட்டில் உள்ள ஒற்றை எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

'முன்னாடியே ஊசி போட்டு வலி வரவைக்கலாமே?' என்றும் சிலர் கேட்பார்கள். பிரிட்டனில் சர்க்கரை இல்லாத சுமார் 2,900 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். 38-வது வாரத்தில் வலி வரவழைத்த பிரிவில் 100-க்கு 2.3 பேருக்குத் தோள் மாட்டியது. வழக்கமான கவனிப்பில் இருந்த பிரிவில் 3.1. உறுதியாகப் பலன் உண்டு என்று சொல்கிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. எனவே இதுவும் டாக்டரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம்தான்.

தலை வந்து தோள் நின்றால்...

இப்போது எல்லோரும் பயப்படும் இடத்துக்கு வருவோம். தலை வெளியே வந்துவிட்டது. தோள் முன்பக்க இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டது. அடிக்கடி நடப்பதில்லை. ஆனால் நடந்தால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: தோள் மாட்டிக்கொள்ளும் குழந்தைகளில் பாதி, 4 கிலோவுக்கும் குறைந்தவை. ஆகவே எந்தப் பிரசவமானாலும் இதைச் சமாளிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தெருமுனையில் தேர் திரும்ப வேண்டும். எத்தனை பேர் வடம் பிடித்து இழுத்தாலும் தேர் நேராகத்தான் போகப் பார்க்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்பிவிட்டால்தான் அது அடுத்த தெருவுக்குள் நுழையும். தோள் மாட்டிய குழந்தையும் இப்படித்தான். பலம் வேலைக்கு ஆகாது. கோணத்தை மாற்ற வேண்டும்.

முதலில் தாயின் இரண்டு தொடைகளையும் மடக்கி வயிற்றோடு சேர்த்துப் பிடிப்பார்கள். பலருக்கு இதிலேயே தோள் விடுபட்டுவிடும். கூடவே ஒருவர், அடிவயிற்றின் கீழ், முன்பக்க எலும்புக்குச் சற்று மேலே கையை வைத்து அழுத்தித் தோளை நகர்த்துவார். அப்படியும் வரவில்லை என்றால் உள்ளே கையை விட்டுக் குழந்தையைத் திருப்புவது, பின்பக்கக் கையை முதலில் எடுப்பது என்று அடுத்தடுத்த வழிகள் உண்டு. தாயைத் திருப்பிக் கை, முழங்கால் ஊன்ற வைப்பதும் ஒரு வழி. குவாதமாலா நாட்டு மருத்துவச்சிகளிடமிருந்து அமெரிக்கப் பேறுகாலத் தாதி ஐனா மே காஸ்கின் கற்றுக்கொண்டு உலகத்துக்குச் சொன்னது இது.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. வயிற்றின் மேல்பகுதியில் கையை வைத்து 'அமுக்கி'த் தள்ளுவது! தோள் மாட்டியிருக்கும்போது இப்படித் தள்ளினால் அது இன்னும் இறுகும். கர்ப்பப்பைக்கும் குழந்தைக்கும் கெடுதல். குழந்தையின் தலையைப் பிடித்து இழுப்பதும் அப்படித்தான். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்பு அறுந்துவிடலாம். அந்த நரம்பு லேசாக இழுபட்டிருந்தால் பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். 3 மாதம் ஆகியும் குழந்தை முழங்கையை மடக்கவில்லை என்றால் நரம்பு அறுவை நிபுணரிடம் காட்டத் தாமதிக்கக் கூடாது.

பாட்டிக்கு ஒரு வார்த்தை

பாட்டி எட்டு பெற்றது உண்மைதான். அந்தக் காலத்தில் அதே தெருவில் பிரசவத்தில் போனவர்களும் உண்டே, பாட்டி அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. பெரிய குழந்தையைச் சுமந்து விரிந்த கர்ப்பப்பை, பிரசவத்துக்குப் பிறகு சரியாகச் சுருங்காமல் போகலாம். அப்போது ரத்தம் கொட்டும். நேரத்தில் நிறுத்தாவிட்டால் உயிரே போய்விடும். 2018-ல் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற ஓர் இளம் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

குழந்தை பெரிது என்று தெரிந்தால், 24 மணி நேரமும் ஆபரேஷன் தியேட்டர், மயக்க மருந்து டாக்டர், ரத்தம், குழந்தை நல டாக்டர் எல்லாம் உள்ள இடத்தில் பிரசவம் வைத்துக்கொள்வதே நல்லது. உங்கள் கிராம சுகாதார செவிலியரையும் டாக்டரையும் 36-வது வாரத்திலேயே கேளுங்கள். செஞ்சியா, திண்டிவனமா, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, புதுச்சேரி ஜிப்மரா என்று அப்போதே முடிவு செய்துவிடுங்கள். ராத்திரியில் வலி எடுத்தால் யாருக்குப் போன், எந்த வண்டி என்பதும் தீர்மானமாக இருக்கட்டும். 108 எண்ணை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வாயைத் திறந்து கேளுங்கள்!

ஸ்காட்லாந்தில் 1999-ல் ஒரு பிரசவம். தாய்க்குச் சர்க்கரை. உயரம் 5 அடிக்குச் சற்று மேல். 'குழந்தை பெரிசா இருக்குமோ, எப்படிப் பெத்துக்கப் போறேன்?' என்று அவர் பல தடவை கவலைப்பட்டிருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்குத் தோள் மாட்ட 9 முதல் 10 சதவிகித வாய்ப்பு உண்டு. சொன்னால் ஆபரேஷன் கேட்பார் என்று எண்ணி அதை அவரிடம் சொல்லவில்லை. பிரசவத்தில் தோள் மாட்டியது. விடுவிக்க 12 நிமிடம் ஆனது. குழந்தைக்கு மூளை பாதிப்பு. 'மாண்ட்கோமரி வழக்கு' என்று பெயர் பெற்ற இந்த வழக்கில் 2015 மார்ச்சில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்பளித்தது. ஆபத்து என்ன, வேறு வழி என்ன என்று நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றது. சிகிச்சைக்கு முன், போதிய விவரத்தைச் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் 2008-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது.

எனவே நீங்களும் கேட்கலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்:

1. எனக்குச் சர்க்கரைப் பரிசோதனை இரண்டு தடவையும் செய்தாயிற்றா? முடிவு என்ன?

2. குழந்தையின் தலை இறங்கியிருக்கிறதா? எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது?

3. என் உடல்வாகுக்கு நார்மலுக்கு முயற்சி செய்யலாமா? உங்களுக்கு என்ன தோன்றுகிறது, ஏன்?

4. ஆபரேஷன் என்றால் எதனால்? எடைக்காக மட்டுமா, வேறு காரணமும் உண்டா?

5. நடுவில் ஆபரேஷன் தேவைப்பட்டால் இங்கேயே செய்ய முடியுமா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?

6. என் அம்மாவோ அக்காவோ பிரசவ அறையில் கூட இருக்கலாமா?

முந்தைய பிரசவத்தில் தோள் மாட்டியிருந்தாலோ, குழந்தையின் கை பாதிக்கப்பட்டிருந்தாலோ, உங்களுக்குப் பெரிய தையல் போட்டிருந்தாலோ, யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு...

பெரிய குழந்தை வரும்போது தாய்க்குக் கிழிசல் ஏற்படலாம். பிறப்புறுப்பைச் சுற்றி வெந்நீரில் நனைத்த துணியால் இதமாக ஒத்தடம் கொடுத்தால் பெரிய கிழிசல்கள் குறைகின்றன. தலை வெளியே வரும் நேரத்தில் சிஸ்டர் 'முக்காதே' என்றால் உடனே நிறுத்தி, வாயால் மூச்சு விடுங்கள். குழந்தை பிறந்ததும் கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுவார்கள். வீட்டுக்கு வந்தபின் மலம், வாயு அடக்க முடியாமல் போனால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

'குண்டுக் குழந்தைதானே, பசி தாங்கும்' என்று நினைப்பது பெரிய தப்பு! தாய்க்குச் சர்க்கரை இருந்திருந்தால், பிறந்த சில மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்கள். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், தடுக்காதீர்கள். தாயும் 6 வாரம் கழித்து மறுபடி குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை பிரசவத்தோடு மறைந்தாலும், பின்னாளில் திரும்பி வரக்கூடியது.

இப்போது அந்த மேல்சித்தாமூர் வீட்டுக்குத் திரும்புவோம். மாமியார் இனிப்புத் தட்டை எடுத்து வைத்துவிட்டு, 'சர்க்கரை டெஸ்ட் ரெண்டாவது தடவை எடுத்தியாம்மா?' என்று கேட்கட்டும். பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துவதை விட்டுவிட்டு, பிரசவத்தன்று துணைக்கு வருகிறேன் என்று சொல்லட்டும். பாட்டி, வலி எடுத்ததும் வண்டிக்குப் போன் பண்ணச் சொல்லட்டும்.

நீங்கள்? அந்த 3.8-ஐ மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கேள்விகள் எழுதிய தாளை வெளியே எடுங்கள். நார்மலோ, சிசேரியனோ, தெரிந்து எடுத்த முடிவாக இருந்தால் அதுவே சுகப்பிரசவம்தான்!